இடப்பக்கத்து டம்ளர்

ஒரு முழு காபி என்று வாய் நிறையச் சொல்லித்தான் கிளெமென்ட் டோக்கன் வாங்கினார். அப்படியும் காபி போடுகிற ரவிக்குமார் இரண்டு டம்ளர் எடுத்து, ஒரு காபியைச் சரிபாதியாக ஊற்றி, ஒன்றை அவர் முன்னாலும் இன்னொன்றை அவருக்கு இடப்பக்கம் யாருமே இல்லாத இடத்திலும் தள்ளி வைத்தான். பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல்லில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற தர்ஷினி அது. உட்கார நாற்காலி கிடையாது. நெஞ்சு உயரத்துக்கு எவர்சில்வர் மேஜைகள், நின்றபடியே தின்றுவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். சாயங்கால மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஓசூர் பஸ் கக்கிய புகையும் சாம்பார் வாசனையும் ஈரச் சாக்கின் நெடியும் ஒன்றாகக் கலந்து வந்தன. அதற்கெல்லாம் அடியில், புதிதாக வெட்டிய மண்ணின் வாசனையும் இருந்தது.

"நான் பை டூ கேக்கலப்பா. ஃபுல் காபி கேட்டேன்."

"ரெண்டு பேரு நிக்கிறீங்கன்னு போட்டேன் சார்," என்றான் ரவிக்குமார், டிகாஷனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போகட்டும், கூட்ட நேரம், பாவம், பழக்கதோஷம் என்று கிளெமென்ட் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். பழக்கம் ஊரறிந்ததுதானே. ஒரு காபியை வாங்கி இரண்டு டம்ளரில் பிரித்துக் குடிப்பதில் பெங்களூரில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ஆனால் வேறு யாரும் கிளெமென்ட் மாதிரி கல்யாண நாளிலிருந்து பாதி காபியிலேயே காலம் தள்ளியிருக்க மாட்டார்கள். மனைவி பிரிஸில்லா முழுசாகக் குடிக்க விட்டதில்லை. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் வாடகைக்கு இருந்த காலத்திலும் சரி, அந்த வீட்டை இடித்த பிறகு ஆனேக்கல்லுக்கு வந்த பின்னும் சரி, எங்கே போனாலும் பை டூதான். தோசையில் முறுகல் ஓரம் அவளுக்கு, ஊறிப்போன நடுப்பகுதி இவருக்கு. "உனக்கு எதுக்கு மேன் அவ்ளோ?" என்பாள். அந்த ஒரு கேள்வியில் இவருடைய ஆயுசே பாதியாகிவிட்டது.

அவளைப் புதைத்த அன்று, எல்லோரையும் போல ஒரு பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு நின்றபோது, கிளெமென்ட்டின் மனசில் ஓடியதைச் சொன்னால் ஊர் காறித் துப்பும். இனிமேல் ஒரு முழு காபி குடிக்கலாம். அதுதான் ஓடியது. ஜெபம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் குளிக்காமல், நகத்தில் மண்ணோடு, நேராக இந்தத் தர்ஷினிக்கு வந்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த முனியப்பன் "என்ன சார்?" என்றார். அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய், இவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "பை டூ."

இரண்டு டம்ளர் வந்தது. தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் ஒன்றை இடப்பக்கம் தள்ளி, "இந்தா, குடி. இனிமே எல்லாத்துலயும் பாதி எடுத்துக்கோ. ஆசை தீரத் தின்னு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவளிடம் சொல்வதாகத்தான் நினைத்தார். பேர் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் அந்த டம்ளர் காலி. அடியில் கொஞ்சம் செம்மண். எவனோ காஞ்ச பயல் குடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அன்றைக்கு விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் இதே கதை.

ஆனேக்கல்லில் தின்னக் குடிக்க இடமா இல்லை? தேர் வீதி முனை பேக்கரியில் காரா பன் கேட்டார். கடைக்காரம்மா காந்தா அதை நடுவில் பிய்த்து இரண்டு காகிதத்தில் வைத்து நீட்டினாள். மார்க்கெட் பக்கத்து மெஸ்ஸில் ஒரு சாப்பாடு சொன்னார்; அவருக்கு ஒரு இலை போட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். மிலிட்டரி ஹோட்டலில் களி உருண்டையைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்தார்கள். சண்டை போட்டுப் பார்த்தார், கடையை மாற்றிப் பார்த்தார். எல்லோரும் அவருடைய இடது தோளுக்கு மேலே ஒரு தரம் மரியாதையாகப் பார்த்துவிட்டுப் பாதியைத்தான் கொடுத்தார்கள். மீதிப் பாதி, இவர் மூக்கைச் சிந்தித் திரும்புவதற்குள் காலியாகிவிடும். வீட்டில் தானே உப்புமா கிண்டினார். கிண்ணத்தில் பாதி வழித்துவிடப்பட்டிருந்தது, விரல் தடம் தெரிய.

வயிறு காந்தியது. பாதிதானே போகிறது, பாதி இருக்கிறதே என்று நினைக்கலாம். உள்ளே போன பாதியும் உடம்பில் ஒட்டவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. டாக்டர் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, "நல்லா சாப்பிடுங்க, வேற ஒண்ணுமில்ல," என்றார். நல்லா சாப்பிடுவதாம். கிளெமென்ட்டுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. இப்படியே போனால் தனக்கும் ஒரு சவப்பெட்டி சொல்ல வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஒரே ஒரு வேளை, முழுசாக, தனியாகச் சாப்பிட்டுவிட்டால் பிழைத்துக்கொள்வோம் என்று எப்படியோ நம்பினார்.

பாதியைத் தின்பது பிரிஸில்லாதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவளை விரட்ட ஒரு வழி இருந்தது. பிரிஸில்லாவுக்கு மதுவாடையே ஆகாது. தெருவில் குடித்தவன் போனால்கூட ஜன்னலைச் சாத்துவாள். மத்தியானமே போய் பாரில் உட்கார்ந்து பிராந்தியும் சில்லி சிக்கனும் சொன்னார். பேரர் இரண்டு கிளாஸ் வைத்தான். வைத்துக்கொள், தைரியமிருந்தால் தொடு என்று கிளெமென்ட் இந்த முறை முகத்தைத் திருப்பாமல் அந்தக் கிளாஸையே முறைத்துக்கொண்டிருந்தார். ஃபேன் கிறீச்சிட்டது. ஏதோ டேபிளில் யாரோ இருமினார்கள். மண் வாசனை எழுந்தது. கிளாஸில் பிராந்தி இறங்கியது. நிதானமாக, ருசித்து, அடிவரை. பிறகு தட்டில் ஒரு எலும்பு நறுக்கென்று உடைந்தது. உள்ளிருப்பதை உறிஞ்சும் சத்தம். காதோரம் ஒரு ஏப்பம், கனமான ஆம்பளை ஏப்பம்.

பிரிஸில்லா இல்லை.

அப்படியானால் அன்றைக்கு மண்ணோடு வந்த இவர் பின்னால் நடந்து வந்தது யார்? அவள் குழிக்கு அந்தப் பக்கம் எத்தனை குழிகள் இருந்தன, எத்தனை நாள் பசி அங்கே கிடந்தது? எல்லாத்துலயும் பாதி என்று இவர் யாரை அழைத்தார்? பிரிஸில்லாவாக இருந்தாலும் தேவலையே என்று, அவள் போனதிலிருந்து முதல்முறையாக, கிளெமென்ட்டுக்கு அழுகை முட்டியது.

சொன்ன இடத்திலேயே சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டும். வேறு வழி தோன்றவில்லை. தள்ளாடித் தள்ளாடி தர்ஷினிக்கு வந்தார். மழை இருட்டிக்கொண்டு நின்றது. விளக்குகளைப் போட்டிருந்தார்கள். கல்லாவைப் பிடித்துக்கொண்டு, முனியப்பனின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"ஒண்ணு. ஒரே ஒரு காபி. பை டூ இல்ல. இனிமே எப்பவும் பை டூ இல்ல. புரியுதா முனியப்பா?"

முனியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணா? அப்போ உங்களுக்கு வேணாமா சார்?"

"எனக்குத்தான்யா அந்த ஒண்ணு."

முனியப்பனின் பார்வை இவரைத் தாண்டிப் போனது. இடது தோளுக்கு மேலே. யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையை லேசாகச் சாய்த்தார். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு இவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்களுக்கு வயிறு சரியில்லையாமே சார். இனிமே ஒண்ணும் குடுக்க வேணாம்னு சொல்றாரு."

"யாரு சொல்றது?"

டோக்கன் கைமாறியது. கிளெமென்ட்டின் கை நீண்டுதான் இருந்தது. டோக்கன் அந்தக் கைக்கு வரவில்லை.

ரவிக்குமார் ஒரே ஒரு டம்ளர் எடுத்தான். விளிம்புவரை ஊற்றினான். நுரை ததும்பியது. அதை மேஜையில் இடப்பக்கம் வைத்தான்.

கிளெமென்ட் கூப்பிட்டார். சத்தம் வரவில்லை. பக்கத்தில் இட்லி தின்றவர் திரும்பவில்லை. மேஜையைத் துடைக்க வந்தவள் இவர் நின்ற இடத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஈர மண். மூக்குக்குள், நாக்கில்.

டம்ளரின் மேல் விரல் தடங்கள் பதிந்தன. சிவந்த, ஈரமான தடங்கள். டம்ளர் எழுந்தது. சாய்ந்தது.

பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் கிளெமென்ட் மேஜையின் மேல் குனிந்தார். இப்போதுதான் துடைத்த எவர்சில்வர். பளபளவென்று இருந்தது. அதில் ஒரே ஒரு முகம் தெரிந்தது. கிளெமென்ட்டின் முகம்தான். கன்னம் உப்பி, கொழுகொழுவென்று.

அது காபியை மடமடவென்று விழுங்கிக்கொண்டிருந்தது. கிளெமென்ட்டின் வாய் மூடியிருந்தது.