மருதாணிக்கு விட்ட காற்று

செவ்வாய்க் கிரகத்துச் செங்குடியில் எல்லோர் காது மடலிலும் ஒரு செவிமணி புதைந்திருக்கும். விடிந்ததும் குமரிப்பிள்ளைகள் அதைத் தேய்ப்பார்கள். மணி சூடேறி, அவர்களுக்கென்றே வரும் ‘மருதாணி’ பத்திரிகையின் அன்றைய இதழை வாசிக்கும். எந்தச் சுரங்கத்தில் துளைப்பான் ஓட்டப் பெண்களை எடுக்கிறார்கள், தலைக்கவசத்துக்குள் புழுங்கிய முடிக்கு என்ன வைத்தியம், எல்லாம் வரும். கேட்கிறவளின் நாடித்துடிப்பு திரும்பப் பத்திரிகைக்குப் போகும். அலுத்துப்போனால் நாடியே காட்டிக்கொடுத்துவிடும்.

நடத்தியவள் செண்பகவல்லி. கூடமாட அஞ்சலை என்ற இயந்திரப்பெண். இருவருக்கும் ஒரே அறை. அந்த அறைக்குப் பஞ்சாயத்து விடுகிற காற்றுதான் பத்திரிகையின் உயிர். காற்றை நிறுத்திவிட்டு அங்கே காளான் போடலாமா என்று முடிவெடுக்கப் பஞ்சாயத்து கூடியது. கூட்டத்தில் வல்லியையும் அஞ்சலையையும் தவிர எல்லாம் ஆம்பளைப் பெருசுகள்.

“பொட்டப்புள்ளைகளுக்குன்னு தனியா என்ன சேதி வேண்டிக்கிடக்கு?” என்றார் தலைவர் மாசிலாமணி. “மண்ணு சரிஞ்சா ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணுன்னா சரியுது?”

“பொய்க்கணக்கு வேற,” என்றார் துணைத்தலைவர் இருளப்பன். “ஊர்ல இருக்கிற குமரிங்களை விட வாசகிங்க ரெண்டு மடங்காம். செவுத்துப் பல்லியையும் சேர்த்துக்கிட்டியா தாயி?”

வல்லிக்கு முகம் விழுந்துவிட்டது. கணக்கில் பொய்யில்லை, ஏன் அப்படி என்று அவளுக்கும் விளங்கவில்லை. பேரும் வயதும் சொன்னால் நம்பிச் சேர்த்துக்கொள்வது மருதாணியின் வழக்கம். தங்கச்சி என்று வந்தவளிடம் அத்தாட்சி கேட்க அவளுக்கு நா எழாது.

“கடைசியா ஒரு இதழ் விட்டுக்கிறேன் பெரியப்பா. துளைப்பான் ஓட்டுற செவ்வந்தி, வேலையை விடச் சொல்ற மாப்பிள்ளையைக் கட்டுவாளா மாட்டாளான்னு சேதி பாதியில நிக்குது.”

“விட்டுத் தொலை.”

அஞ்சலை விட்டது. மாசிலாமணி காதைத் தேய்த்தார். இருளப்பன் தேய்த்தார். அப்புறம் வரிசை முழுக்கத் தேய்த்தது.

அஞ்சலைக்கு நெளிவு சுளிவு தெரியாது. “அக்கா, இந்தக் கூடத்துக்குள்ளேயே ஏகப்பட்ட வாசகிங்க கேக்குறாங்க. செவ்வந்தி மாட்டேன்னு சொன்னதும் அத்தனை பேருக்கும் நாடி எகிறுது!”

இருளப்பன் மூக்கை உறிஞ்சினார். “தூசி,” என்றார்.

முகத்தை மறைத்து, பேரை மாற்றி, இளம்பெண்ணாக வேடம் கட்டி உலவுவது பூமியில் பழகிய பழக்கம். கப்பல் ஏறும்போது பெட்டி, படுக்கையை விட்டுவந்தவர்கள் கூட அதை விட்டு வரவில்லை.

வல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை விழுங்கினாள். தலைவர் தொண்டையைச் செருமினார். “நம்ம புள்ளைங்க நாலு விஷயம் தெரிஞ்சுக்கட்டுமே. காத்து ஓடட்டும்.”

“ஆனா ஆம்பளைங்க ஒருத்தனும் கேக்கக் கூடாது!” என்று மேசையைத் தட்டினார் இருளப்பன். ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாளே ‘அக்காவிடம் கேளுங்க’ பகுதிக்கு ஒரு மெல்லிய பெண் குரல் வந்து சேர்ந்தது.

“அக்கா, நான் மாலினி. வயசு இருபத்திரெண்டு. முப்பது வருஷமா சுரங்க ஏணி ஏறி முழங்கால் தேஞ்சுபோச்சு. நேத்துப் பஞ்சாயத்துல ஒரு நல்ல பொண்ணைப் பல்லி கில்லின்னு பேசிட்டேன். தூக்கம் வரலை.”

வல்லி வயிறு நோகச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள்:

“அன்புத் தங்கச்சி மாலினி, முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு. அந்தப் பொண்ணு எப்பவோ மறந்துட்டா. வெசனப்படாதே, நம்ம வயசுல இதெல்லாம் வர்றதுதான்.”