உள்ளே போன தேனீக்கள்

உள்ளே போன தேனீக்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை என்பதை மூன்றாம் நாள்தான் அவள் கவனித்தாள்.

மகளைப் புதைத்த மண்மேட்டில், தலைமாட்டுப் பக்கம், பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு துளை விழுந்திருந்தது. கால்களில் மஞ்சள் மகரந்தத்தை அப்பிக்கொண்டு தேனீக்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும், விளிம்பில் ஒரு கணம் தயங்கும், நுழையும். அவ்வளவுதான். பக்கத்து மேடுகளிலும் அதே மாதிரித் துளைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன; அங்கெல்லாம் போக்கும் வரத்துமாகச் சந்தைபோல் இருந்தது. இங்கே போக்கு மட்டும்தான்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள் அவள். தூசியளவு கீறலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஏழு மாதமாக, வேலை விட்டதும் நேராக இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் வருகிறாள். கணவர் வருவதில்லை. "அங்க என்ன இருக்கு, மண்ணுதானே," என்று ஒரு முறை சொன்னவர், சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

ஆனால் அங்கே மண் மட்டும் இல்லை. சுற்றிலும் ஊர் சிமென்ட்டாகிப் போனபின், போக்கிடம் இல்லாததெல்லாம் இந்த மதிலுக்குள் வந்து ஒண்டியிருந்தது. மர இடுக்கில் ஆந்தை, உடைந்த கல்லுக்கடியில் கீரி, இடுப்பளவு புல்லில் பெயர் தெரியாத பூக்கள், அவற்றின்மேல் ஓயாத ரீங்காரம். மண்ணில் கூடு கட்டும் தேனீக்களைக் கணக்கெடுக்க ஒரு கல்லூரி ஆசிரியை அங்கே வந்துகொண்டிருந்தாள். காவலாளி அவளுக்கு வைத்த பெயர் பூச்சி டீச்சர்.

"செத்தவங்க பூச்சி மருந்து அடிக்க மாட்டாங்கக்கா. அதான் இதுங்களுக்கு இங்க நிம்மதி," என்பாள் டீச்சர்.

துளையைப் பற்றிச் சொன்னபோதும் சிரித்தாள். "வேற பக்கம் வழி இருக்கும்க்கா. உக்காந்து பாத்துரலாம்."

விடுமுறை நாளன்று மதியம் இரண்டு மணிக்கு இருவரும் உட்கார்ந்தார்கள். வானம் மூடிக் கிடந்தது. மேட்டைச் சுற்றி வந்து பார்த்தாயிற்று. வேறு வழி இல்லை. ஐந்து மணிக்குள் அறுபத்தொரு தேனீக்கள் உள்ளே போயின. வெளியே வந்தது ஒன்றுமில்லை. டீச்சரின் முகத்தில் சிரிப்பு எப்போது போனதென்று தெரியவில்லை.

தாய் குனிந்து மண்ணில் காது வைத்தாள். ஈர மண் வாடை, பூந்தூளின் இனிப்பு வாடை, அதற்கும் அடியில், தூங்கி எழுந்த குழந்தையின் வாயிலிருந்து வருமே, அந்தப் புளித்த பால் வாடை. ஆழத்தில் ரீங்காரம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்து, சட்டென்று நின்றது. நறுக்கென்று ஒரு சின்னச் சத்தம். மறுபடி ரீங்காரம். மறுபடி நறுக்.



மகளின் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு, பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஆறு வயதுக்கு அதெல்லாம் புரியுமா? விடிய விடிய முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, பசிக்குதும்மா. ஒரே ஒரு வாய்." "காலையில எல்லாம் முடிஞ்சதும் வயிறு நிறையத் தரேன், கண்ணு." காலையில் எல்லாம் முடிந்தது. பிள்ளை கண் விழிக்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கவளமும் அவள் தொண்டையில் நேராக இறங்கியதில்லை.

டீச்சர் பையிலிருந்து மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றை எடுத்தாள். நுனியில் கடுகளவு கேமரா, பக்கத்தில் பொட்டு விளக்கு. மறுமுனையைத் தன் கைப்பேசியில் செருகினாள். கூடுகளுக்குள் பார்ப்பதற்கான கருவி.

"வேணாம்னு சொன்னா விட்டுடுறேன்க்கா."

"குடு. நானே விடுறேன். என் கை நடுங்காது."

கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. திரையில் முதலில் வேர்கள். பிறகு, மெழுகினாற்போல் வழவழப்பான மண்சுவர். ஒரு முழம். இரண்டு முழம்.

"தேனீங்க இவ்வளவு ஆழம் தோண்டாதுங்களே," என்று டீச்சர் முணுமுணுத்தாள்.

மூன்று முழம்.

மரப்பலகை. அதில் ஒரு பொத்தல்.

அவள் கம்பியைத் தள்ளினாள். உள்ளே, விளக்கு வெளிச்சத்தில், ஏதோ பளபளத்தது. குவியல் குவியலாக. கண்ணாடிச் சில்லு மாதிரி.

இறக்கைகள். இறக்கைகள் மட்டும்.

"அக்கா, போதும்."

கம்பி திரும்பியது. மஞ்சள் பொடி. ஒரு சின்ன மோவாய். உதடுகள். கீழுதட்டில் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் இறக்கை.

ஒரு தேனீ வந்து அந்த உதட்டில் இறங்கியது.

வாய் திறந்தது. மூடியது.

டீச்சரிடமிருந்து சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. "வெளிய இழுங்க. இழுங்கக்கா."

வாய் மறுபடி திறந்தது. இந்த முறை வெளிச்சத்தைப் பார்த்து. திரை இருண்டது.

கம்பி துடித்தது. அவள் விரலிடுக்கில், சீராக. மெல்லுகிற சீரில்.

"இழுக்க மாட்டேங்குறீங்களே!"

"நான் எங்கம்மா இழுக்குறது," என்றாள் அவள். "அவ இழுக்குறா."

டீச்சர் கைப்பேசியிலிருந்து கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து ஓடினாள். வாசலில் இரும்புக் கதவு அறைந்தது. ஆந்தை ஒன்று எழுந்து பறந்தது. பிறகு எதுவும் அசையவில்லை.

அவள் மண்டியிட்டபடியே இருந்தாள். மடியிலிருந்த சுருளைப் பிரித்துப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக, பிள்ளைக்கு விக்கல் எடுத்துவிடாமல், உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடையில் சொட்டியது. துடைக்கவில்லை. "மெதுவா, கண்ணு. மெதுவா."

சுருள் தீர்ந்தது. கடைசி முனையும் வழுக்கிக்கொண்டு போயிற்று. துளை வெறுமையாக இருந்தது. அடியில் ஏதோ மண்ணைத் தள்ளிக்கொண்டு ஏறும் ஓசை. நின்றது. மிக அருகில்.

அவள் சுட்டுவிரலைத் துளைக்குள் விட்டாள்.

முதலில் பட்டது வெதுவெதுப்பான மூச்சு.

பிறகு, பால்பற்கள்.