பாலம் பழகிய நடை

கீழே வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி இறங்கி, மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

பொறியாளர் குனிந்து பார்த்தாள். காற்று இல்லை. மழை விட்ட ஆற்றின் மேல் ஈரமும் இரும்பும் கலந்த வாடை அசையாமல் நின்றது. நடைபாலத்தின் இரு முனையிலும் தடுப்புச் சங்கிலி தொங்க, பொழுது சாய்கிற அந்த நேரத்தில் நீண்ட தளத்தில் அவளைத் தவிர ஈ, காக்கை இல்லை.

பாலம் இப்படி ஆட ஆள் வேண்டும். நடக்கிறவன் ஒவ்வோர் அடியிலும் தரையைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் தள்ளுகிறான். கூட்டம் சேர்ந்தால் பாலம் மயிரிழை அசையும். அசைகிற தளத்தில் விழாமலிருக்க எல்லோரும் காலை அகட்டி, தங்களை அறியாமலே அந்த அசைவுக்கு ஏற்றபடி அடிவைப்பார்கள். அசைவு ஆட்டமாகிவிடும். திறந்த அன்றைக்கே அப்படித்தான் ஆனது. ஜனம் அலறியடித்து இறங்கியது. வசவெல்லாம் வரைபடம் போட்ட இவள் தலையில் விழுந்தது. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, அதிர்வை வாங்கிக்கொள்ளும் கனத்த எடைகளைத் தளத்துக்கு அடியில் தொங்கவிட்டாள். நாளை மறுபடி திறக்கிறார்கள். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாள்.

சாலைப்பக்கத்து முனையில் பைக்கோடு காத்திருந்த தம்பி குரல் கொடுத்தான்.

"அக்கா, பாலத்தத் தாலாட்டித் தூங்க வச்சாச்சா? பசி உயிர் போகுது!"

"டேய், உள்ள யாராவது ஏறினாங்களா?"

"ஒரு குருவிகூட இல்ல. ஏன்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

தகடுகளின் இணைப்பில் முனகல் கிளம்பியிருந்தது. கரையோர விளக்குகள் எரியத் தொடங்க, கைப்பிடிக் கம்பிகளின் நிழல் தளத்தின் மேல் இடமாக ஊர்ந்து, நின்று, வலமாக ஊர்ந்தது. அவசரமில்லாத, வேலை முடிந்து வீடு திரும்புகிற ஜனத்தின் நடை அது. பெரிய கூட்டத்தின் நடை. ஆள்தான் இல்லை.

பாட்டிலை அப்படியே விட்டுவிட்டுத் தம்பியை நோக்கி நடந்தாள். சில அடிகளிலேயே கால்கள் அகன்றன. இடது. வலது. கம்பியைப் பிடித்து நிற்கப் பார்த்தாள். கை பிடித்தது. கால் நிற்கவில்லை. விரல்கள் வழுக்கின. உடம்பு தானாகத் திரும்பிப் பாலத்தின் நடுவை நோக்கிப் போனது.

"அக்கா! எங்க போற?"

"தெரியலடா... நிக்க முடியல. நீ ஏறாத!"

அவன் சங்கிலியைத் தாண்டிவிட்டான்.

"கம்பியப் பிடிச்சுக்க, இதோ வந்துட்டேன்!"

ஓடிவந்தான். ஓட்டம் நடையானது. கால்கள் அகன்றன. முகத்திலிருந்த பதற்றம் மெல்ல வேறொன்றாக மாறியது. கைக்கெட்டும் தூரத்தில் வந்து, அவளைத் தொடாமலே கடந்து போனான்.

"அக்கா, என் காலு..." என்றான். முடிக்கவில்லை.

அவள் வீறிட்டாள். வீறிட்டிருக்கக் கூடாது.

சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் சங்கிலியைக் கழற்றினார். பழக்கடைக்காரர் ஓடிவந்தார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள். சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு கிழவர். காப்பாற்றத்தான் வந்தார்கள்.

"வராதீங்க! யாரும் வராதீங்க!"

ஏறிய ஒவ்வொருவருக்கும் நடை மாறியது. ஒவ்வொருவருக்கும் ஆட்டம் கூடியது. எடைகள் அடியில் மோதின. முனைவரை போனவர்கள் இறங்கவில்லை, திரும்பினார்கள். கண்ணீர் வழிகிற முகங்கள். ஒரே அடி. இடது. வலது. கீழே ஆறு சாய்ந்து சாய்ந்து வந்தது.

எதிரே ஒரு தாய் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"இத மட்டும் வாங்கிக்கங்கம்மா, கீழ விட்டுடாதீங்க, தூக்கிக்குங்க..."

பொறியாளர் கை நீட்டினாள். குழந்தை இன்னும் நடக்கப் பழகாதது. தரையைத் தொட்டதே இல்லாத அதன் பிஞ்சுப் பாதங்கள் அந்தரத்தில் அகன்று, அழுத்தி அழுத்தி, அடிவைத்துக்கொண்டிருந்தன.