மீதியில்லாத எண்

சமன்பகிர்வி மூன்றாம் முறையும் சிவப்பு விளக்கையே எரித்தது. தண்ணீர் பதினேழு பங்காக வகுபடவில்லை. ஐந்து மீதி வருகிறது.

செவ்வாயின் அந்தப் பள்ளத்தாக்கில் பனியுருக்காலை நாள்தோறும் தருவது ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது லிட்டர் தண்ணீர். ஒன்று முதல் பதினாறு வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் அது. முன்னோர் அதைத் தேர்ந்ததே அதற்காகத்தான். மீதித் தண்ணீர் யாருக்கு என்ற சண்டையில்தான் முதல் குடியேற்றம் அழிந்தது. ஆகவே, மீதி வந்தால் குழாயையே திறக்காத இந்தச் சமன்பகிர்வி இயந்திரத்தை அமைத்தார்கள். ஊர்களும் பதினாறாகவே இருந்தன, வேறொரு குடியிருப்பை மூடியிருந்த காற்றுக்கவிகை உடைந்து முந்நூறு பேர் பதினேழாம் ஊராக அடைக்கலம் தேடி வரும்வரை.

"அந்த அஞ்சு லிட்டரக் கீழ ஊத்திருங்களேன், ஐயா," என்றாள் அவர்களின் தலைவி அமலோற்பவம்.

"யாரு ஊத்துறதுங்கிறதுலதாம்மா அப்ப வெட்டுக்குத்தே ஆரம்பிச்சுது," என்றார் அவைத்தலைவர் வேங்கடபதி.

அவள் நகரவில்லை. இயந்திரத்தின் முன் அமர்ந்து அவ்வெண்ணின் பகாக்காரணிகளைத் தரையில் எழுதினாள். இரண்டு நான்கு முறை, மூன்று இருமுறை, பிறகு ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. பதினேழு எங்குமில்லை. ஆனால் ஓர் இரண்டையும் இரு மூன்றுகளையும் பெருக்கினால்?

"ஏல சூசை, வெள்ளைச் சாயத்த எடு!" என்று தம்பியை நோக்கிக் கத்தினாள். "பதினெட்டு வகுபடும். இனி நாம ரெண்டு ஊரு."

"நெசமாவாக்கா?"

"மிசினுக்கு மட்டுந்தாம்ல."

குடியிருப்பின் நடுவே கோடு விழுந்தது. கிழக்கிற்கு அவள் தலைவி, மேற்கிற்குச் சூசை. பச்சை விளக்கு எரிந்தது. ஊர் ஒவ்வொன்றுக்கும் நாற்பதாயிரத்து நாற்பது லிட்டர். ஒரே கூட்டத்தாருக்கு இரு பங்கு. கோட்டின் இருபுறமும் தோட்டங்கள் செழித்தன.

ஆறாண்டுகளுக்குப் பின் வேறொரு கவிகை உடைந்து அறுபது பேர் வந்தார்கள். பத்தொன்பதாலும் தண்ணீர் மீதியின்றி வகுபடாது. ஊர் எனப்பட ஐம்பது பேராவது வேண்டும் என்பதால் அவர்களால் இரண்டாகப் பிரிய இயலாது. இருக்கும் ஊர் எதுவும் இனிப் பிரியக் கூடாது என்று, வெள்ளைக் கோட்டுக்குப் பிறகு வேங்கடபதியின் அவை விதித்திருந்தது. தம் பங்கில் சேர்த்துக்கொள்ள எவ்வூரும் முன்வரவுமில்லை. எஞ்சியது ஒரே வழி. கிழக்கும் மேற்கும் மீண்டும் ஒன்றானால், வந்தவர்களையும் சேர்த்து ஊர்கள் பதினெட்டு.

"கோட்ட அழிச்சிரலாம்ல," என்றாள் அமலோற்பவம்.

"எனக்குச் சம்மதந்தாக்கா. எங்க ஆளுவ ஒத்துக்க மாட்டாவ."

"எங்க ஆளுவளா? அது யாருல?"

அவளுடைய ஊராரும் கேட்டார்கள்: "மேக்கத்திக்காரங்களோட எப்படி ஒண்ணா இருக்கது?" ஆறாண்டுகளில் இரு ஊர்களும் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது.

அமலோற்பவம் சுரண்டியோடு கோட்டருகே மண்டியிட்டாள். யாரும் உதவ வரவில்லை. ஒரு சாண் அளவு சுரண்டி முடித்தபோது, சமன்பகிர்வி அன்றைய பங்கீட்டை அறிவித்தது: "மீதி எதுவும் இல்லை."

வெளிக்கதவுக்கு அப்பால், கவச உடைகளில், அறுபது பேர் நின்றிருந்தார்கள். அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.