மைனஸ் எண்பது

"ஐயோ...! யாரோ பிளக்கைப் பிடுங்கிட்டாங்க!"

சயாகா மினோவாவின் அலறல் ஜப்பானின் அந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆறாவது மாடி முழுக்கக் கேட்டது.

மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் செத்துக் கிடந்தது. ஒயர் அழகாகச் சுருட்டப்பட்டு, ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தது!

உள்ளே அவளுடைய பத்து வருட உழைப்பு. ஆழ்கடலின் அடியிலிருந்து சேர்த்த நுண்ணுயிர்கள். உருகினால் ஆராய்ச்சி முடிந்தது...

பிளக்கை மாட்டினாள். கதவைத் திறக்கவில்லை. மிச்சக் குளிராவது உள்ளே தங்கட்டும்!

போலீசுக்குப் போன் செய்த அரை மணியில் இன்ஸ்பெக்டர் தொகுமாரு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏம்மா, லிஃப்ட் என்னாச்சு?"

"கரண்ட் பில் ஏறினதும் நிறுத்திட்டாங்க சார். அரசாங்கப் பணம் வருஷா வருஷம் குறையுது."

"காரிடார்லயும் மூணு லைட்டுக்கு ஒண்ணுதான் எரியுது. திருடனே தடுக்கி விழுவான்!"

ஃப்ரீசர் கைப்பிடியைத் தொட்டார்.

"திறக்காதீங்க!" பாய்ந்து தடுத்தாள். "உள்ள பழையபடி குளிர் ஏறுற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது."

"சரி தாயே. ரூம் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட. அப்புறம் எங்க புரொபசர்கிட்ட."

புரொபசர் ஷிரோகானே மூலை நாற்காலியில் சரிந்திருந்தார். ஹீட்டர் போடாத அறை. கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்.

"புரொபசர் சார், இந்தப் பொண்ணு மேல யாருக்காவது பகையா?"

"பகையா...? அதுக்கெல்லாம் இங்க யாருக்குத் தெம்பு இருக்கு?"

"அப்ப பிளக்கை எதுக்குப் பிடுங்கணும்?"

புரொபசர் கொட்டாவி விட்டார்.

"காலிப் பெட்டிக்கு எதுக்குக் கரண்ட்?"



"காலியா...?" சயாகா அவர் பக்கம் திரும்பினாள். "இன்னும் யாருமே திறந்து பார்க்கலையே சார்!"

கதவை இழுத்தாள்.

தட்டுகள்... வெறும் தட்டுகள்!

"எங்கே சார்...? என்னோட பத்து வருஷம் எங்கே?"

"மருந்துக் கம்பெனிக்குக் குடுத்துட்டேன்..." அவர் தலை நிமிரவில்லை. "மார்ச்சோட உன்னை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி ஆபீஸ் லெட்டர் வந்துது. நானும் எத்தனை பேர்கிட்ட கை ஏந்துவேன்? கம்பெனிப் பணத்தை நன்கொடைன்னு யுனிவர்சிட்டியில கட்ட வச்சேன். உன் ரெண்டு வருஷ சம்பளம்மா அது. ஒரு யென் நான் தொடலை. சொல்லத்தான் வாய் வரலை..."

விலங்கை எடுத்த இன்ஸ்பெக்டர் தயங்கினார்.

"என்னம்மா செய்யட்டும்...? கேஸ் போடவா?"

சயாகா தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. சிரிப்புதான் வந்தது.

"ஏப்ரல்லேருந்து எனக்குச் சம்பளம் உண்டு இன்ஸ்பெக்டர்... பார்க்கிறதுக்குத்தான் வேலை இல்லை!"