இன்னும் ஒன்று ஓடுகிறது

ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இரைச்சல் குறையவில்லை.

மோகனசுந்தரம் பிளக்கைக் கையில் பிடித்தபடி, தப்பான மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டவன் போல நின்றான். சிற்றலை ரேடியோ வாங்கியில் குறுக்கிடும் கரகரப்பு பெரும்பாலும் வானத்திலிருந்து வருவதில்லை, நம் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனால் திருடன் அகப்படுவான். கிண்டியில் பொறியியல் படித்து, கடல் தாண்டி மோர்னிங்சைட்டில் ஒரு நிலவறையில் குடியிருந்து, கொல்லையில் அவன் கட்டிய ஆன்டெனாவைத் துணிக்கொடி என்று நினைத்து வீட்டுக்காரம்மா போர்வை காயப்போட்ட பிறகும், அந்தப் பாடத்தை மட்டும் அவன் மறக்கவில்லை.

வீட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார்கள். மாடிக்குப் போகும் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நேற்று முழுக்கக் கொட்டிய பனி, வெளியே இறங்கும் படிக்கட்டுக் குழியை விளிம்புவரை நிரப்பிவிட்டது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஒரு விரல் அகலம் நகர்ந்து நின்றுவிட்டது. ஜன்னலிலும் பனி. காலை ஏழரை மணி. அறைக்குள் விடிந்ததற்கு அடையாளமே இல்லை. புயலில் டெலிபோனும் செத்துவிட்டது.

அதனால் என்ன? ஞாயிறு ஏழரைக்கு அவனுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. சென்னையில் அப்போது மாலை ஆறு. மச்சினன் ராஜசேகரன் மொட்டைமாடி அறையில் தன் ரேடியோ செட்டைப் போட்டுக் கூப்பிடுவான். வசுமதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய் மூன்று மாதம். வலி எடுத்துவிட்டது, குழந்தை திரும்பியிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கார் பேட்டரியில் ஓடும் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து காதுக் கருவியை மாட்டினான். கரகரப்பின் அடியில் ஒரு குரல்.

"மாமா... கேக்குதா மாமா..."

"கேக்குது மாப்ளே! வசு எப்படி இருக்கா?"

"...என்ன மாமா, மாவாட்டிக்கிட்டே பேசறீங்களா? ஒரே இரைச்சல். நிறுத்துங்க, சொல்றேன்."

சிரித்துவிட்டான். எழுந்துபோய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினான். விளக்கு அணைந்தது. வீட்டைச் சூடாக்க மூலையில் உறுமிக்கொண்டிருந்த ஃபர்னஸ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. டார்ச்சை மேசைமேல் நிறுத்தினான். எரிந்த எண்ணெயின் வாடை, சுவரோரத்து ஈரச் சாக்கின் வாடை, பனிக்கு என்றே உள்ள அந்த ஒன்றுமில்லாத வாடை. இரைச்சல் பாதியாகக் குறைந்து, செட்டின் மீட்டரில் முள் இறங்கியது.

"இப்பப் பரவாயில்ல. இன்னும் ஒண்ணு ரெண்டு ஓடுது மாமா."

குளிர் சீக்கிரமே வந்தது. அவன் மூச்சு டார்ச் வெளிச்சத்தில் புகையாகச் சுருண்டது. இன்னும் என்ன ஓடுகிறது?

"கடிகாரம்," என்றது குரல்.

சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரம். அதற்கும் ரேடியோவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் எடுத்து, முதுகைத் திறந்து, சக்கரத்தில் தீக்குச்சியைச் சொருகினான். நின்றது.

முள் இன்னும் இறங்கியது.

அப்போதுதான் உறைத்தது. பொறியாளர் மூளை, தாமதமாகத்தான் வேலை செய்யும். இந்த வீட்டின் இரைச்சல் இந்த வீட்டு வாங்கிக்கு மட்டுமே கேட்கும். இரைச்சலால் சிரமப்பட வேண்டியவன் அவன்தான். சென்னையில் இருப்பவனுக்கு அது எப்படிக் கேட்கும்?

மைக்கைப் பார்த்தான். இன்னும் என்ன ஓடுகிறது என்று யோசித்தபோது பேசும் பொத்தானை அழுத்தியிருந்தானா? இல்லை. வாயைத் திறக்கக்கூட இல்லை.

"மாப்ளே," என்றான் மெதுவாக. "உங்கக்கா என்னை எப்படிக் கூப்பிடுவா?"

"இன்னும் ஒண்ணு ஓடுது மாமா."

ஓடிப்போய்க் கதவைத் தோளால் இடித்தான். ஒரு விரல். அதே ஒரு விரல். இடுக்கில் விரலை விட்டுப் பனியைச் சுரண்டினான். நகத்தடியில் ரத்தம் வந்தது. மாடிக் கதவை உதைத்தான். மேலே வெற்று வீடு அதிர்ந்து அடங்கியது. திரும்பி வந்து செட்டை அணைத்தான். முகப்பின் பச்சை விளக்கு அணைந்தது.

குரல் அணையவில்லை.

காதுக் கருவி மேசைமேல் கிடந்தது. அறை முழுக்கக் கேட்டது. டப். டப். டப். அதன் இடுக்குகளில் குரல்.

"வசுவைப் பத்தி... (டப்) ...டாக்டர் என்ன... (டப்) ...குழந்தை..."

மணிக்கட்டைப் பிடித்தான். விரலடியில் துடிப்பு. அறையில் டப். விரலடியில் துடிப்பு. அறையில் டப். ஒன்றேதான்.

"சுத்தமா இருந்தாத்தான் சொல்ல முடியும், மாமா."

வேண்டாம் என்று நினைத்தான். காதைப் பொத்து. ஏதாவது பாட்டுப் பாடு.

ஆனால் மெலிந்த சிக்னல் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வது அவன் பழக்கம். 'மூச்சு விட்டா ஓடிப்போயிடுமா உங்க சிக்னல்?' என்று வசு இடுப்பில் கிள்ளுவாள். இரண்டு நாளாகச் செய்தி இல்லை. ஒரே ஒரு வார்த்தை. இருக்கிறாளா, இல்லையா.

மூச்சைப் பிடித்தான்.

டப்.

"வசு..."

இன்னும் கொஞ்சம்.

டப்.

இடைவெளி நீண்டது.

ட...

அணைந்த செட்டின் முள் பூஜ்யத்தில் படுத்தது. கரகரப்பு இல்லை. கடல் இல்லை, தூரம் இல்லை. இவ்வளவு சுத்தமான சிக்னலை வாழ்நாளில் அவன் கேட்டதில்லை. பிறகு ஒரு நாற்காலி இழுபடும் சத்தம், மூச்சிரைப்பு, வேறொரு குரல். ராஜசேகரனின் குரல்.

"மாமா! மாமா! மன்னிச்சுக்கங்க, இப்பத்தான் செட்டையே போடறேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து சைக்கிள்ல பறந்து வர்றேன். பொண்ணு மாமா! அக்காவும் நல்லா இருக்கா. உங்க மூக்குதான், பாவம் குழந்தை. கேக்குதா?"

"கேக்குதுடா!" பொத்தானை அழுத்திக் கத்தினான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "கேக்குது, கேக்குது மாப்ளே!"

"மாமா? அந்தப் பக்கம் ஒண்ணுமே வரலையே. இருக்கீங்களா?"

"இருக்கேன்டா!"

"மாமா?"

டார்ச் வெளிச்சம் அவன் முகத்தில் நேராக விழுந்தது. இருக்கேன் இருக்கேன் என்று கத்திக்கொண்டே இருந்தான். உறைந்த அறையில், திறந்து மூடும் அந்த வாயிலிருந்து ஒரு இழை புகைகூட எழவில்லை.