முன் சீற்றின் சூடு

முன் சீற் சூடாக இருந்தது.

சஜீதா கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். சூடுதான். யாரோ இப்போதுதான் எழும்பிப் போன சூடு. வெளியே சுவிஸின் எம்மன்புரூக்கே ஊரில் மாசி மழை, காம்பர் வானின் கூரையில் அரிசி கொட்டுவதுபோல விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தரிப்பிடத்து ஒற்றை விளக்கின் மஞ்சள் வெளிச்சம் ஈரக் கண்ணாடியில் நெளிந்து வழிந்து, உள்ளே இருந்த அடுப்பையும் மேசையையும் சுருட்டி வைத்த மெத்தையையும் அசைவது போலக் காட்டியது. வான் கதவுத் திறப்பு மத்தியானம் முதல் அவள் கையில்தான் இருந்தது. அவள் புருஷன் கேதீஸ்வரன் அப்போதே வேலைக்குப் போய்விட்டான்.

அவளுக்கு உடனே கோபிஷாவின் ஞாபகம் வந்தது. நேற்று அவளைக் கூட்டி வந்து வானைக் காட்டியிருப்பான். நேற்று இருந்தவளின் சூடு இன்றைக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்க அவளுக்கு மனமில்லை.

கோபிஷா கேதீஸோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். வருஷம் தவறாமல் காம்பிங் போகிறவளாம். இந்தப் பழைய வானை வாங்கி, ஈஸ்டர் லீவுக்குப் பிரான்சின் நோர்மண்டிக் கரையோரம் போவோம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து அவனுடைய வாயில் அவள் பெயர்தான். அங்கே எந்நேரமும் மழையாம், புல்லுத் தரை கூடாதாம், சரளைக் கல் போட்ட இடமாகப் பார்க்க வேண்டுமாம். மின்சாரச் சோற்றுப் பானைக்கு அங்கே கரண்ட் காணுமா என்று கேட்க வேண்டுமாம். சோறு போடப் போகிறது யார், அவளா?

அந்தச் சீற்றில் இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. போனை முன்னால் சார்ஜில் போட்டுவிட்டுப் பின்னால் போய் மேசையடியில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. எட்டி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் திரும்பவும் வந்து இருந்தாள்.

"சஜி, பஸ்ஸில ஏறீட்டன். வானுக்குள்ளயோ இருக்கிறாய்?"

"ஓம்."

"அப்ப மூண்டு இடத்தில எதைப் புக் பண்ணுவம்? ஊருக்குள்ள இருக்கிறதோ, வெளிச்சவீட்டடியோ, மலை விளிம்பில இருக்கிறதோ? கோபிஷா சொன்னவா..."

சஜீதா வாயை மூடிக்கொண்டாள். இனி ஒரு சொல் வராது. கெஞ்சட்டும். இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தால் "என்னம்மா, கோவமோ?" என்று அவனே இறங்கி வருவான். எத்தனை தரம் பார்த்திருக்கிறாள்.

அவன் கேட்கவில்லை.

"ஓமோ?" என்றான். பிறகு சிரித்தான். "அதுவும் சரிதான். ஊருக்குள்ள எண்டால் ஒரே சனம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லையே!

அவன் பக்கத்தில் யாரோ ஒருத்தி இருக்கிறாள். கோபிஷாதான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். சஜீதா மூச்சை அடக்கிக் காது கொடுத்தாள். பஸ் கதவு திறந்து மூடுகிற சத்தம், துடைப்பான் கண்ணாடியைத் தேய்க்கிற சத்தம், அவனுடைய மூச்சு. வேறு குரல் இல்லை.

"மலை விளிம்பு மழைக்குச் சறுக்காதோ, சஜி?"

சஜி என்றுதான் சொன்னான்.

ஒருவர் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு மௌனம். மழை. முன்பக்கத்திலிருந்து ஈரத் தலைமயிரின் மணம் வந்தது.

"சரி, அங்கயே போவம். நீ பக்கத்தில இருந்தால் எனக்கென்னடி பயம்?"

கலியாணம் முடித்த புதிதில் இப்படிக் கதைத்தவன். அதற்குப் பிறகு இல்லை. இந்தக் குழைவு யாருக்கு? எனக்குத் தராததை யாருக்குக் கொடுக்கிறான்? பொறாமையில் அவளுக்குக் கண் கலங்கியது.

முன் சீற் கிறீச்சிட்டது. யாரோ வசதியாகச் சாய்ந்து இருப்பது போல.

"நீ இப்பிடிச் சிரிச்சு எவ்வளவு காலம்," என்றான். "கோபிஷாவைப் பற்றி ஒரு குத்தலும் இல்லாமல். முந்தியே இப்பிடி இருந்திருக்கலாமே."

அவளால் தாங்க முடியவில்லை.

"நான் ஒண்டும் கதைக்கேல்லை! இஞ்சேருங்கோ, அது நான் இல்லை!"

அவன் தயங்கினான்.

"சஜி, ஆர் அது பின்னால கத்துறது?"

"ஒருத்தரும் இல்லை. ரேடியோ," என்றது முன் சீற்.

சஜீதாவின் குரலில்.

அவள் பாய்ந்து பக்கக் கதவைப் பிடித்தாள். பிடி அசையவில்லை. இழுத்தாள். உதைத்தாள். முன்னால் பார்க்கக்கூடாது. பார்க்கக்கூடாது. முன் சீற்றின் தலைசாய்ப்புக்கு மேலே கொஞ்சம் தலைமயிர் தெரிந்தது.

போனில் பஸ் கதவு திறந்து மூடியது. கொஞ்ச நேரத்தில் மழைக்குள் காலடிச் சத்தம். அவன்தான். வந்துவிட்டான்.

சாரதிக் கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. நனைந்த தோளோடு ஏறியவன் பக்கத்துச் சீற்றுக்குக் குனிந்து நெற்றியில் ஒரு முத்தம் கொஞ்சினான்.

"குளிருதோம்மா?"

சஜீதா மேசையில் ஓங்கி அடித்தாள். அவன் திரும்பினான். நேரே அவளைப் பார்த்தான். அவளுக்கு ஊடாகப் பார்த்தான்.

"பின்னால ஏதோ ஆடுது. போக முதல் இறுக்க வேணும்," என்றான். போனை எடுத்தான். "அப்ப மலை விளிம்பு. ரெண்டு பேர் எண்டு போடவோ?"

"ஓம்."

அவன் குனிந்து தட்டத் தொடங்கினான். அந்த வெளிச்சத்தில், சீற்றுகளுக்கு நடுவே, அந்தத் தலை மெல்லத் திரும்பியது. சஜீதாவின் நெற்றி. சஜீதாவின் மூக்குத்தி. அது அவளையே பார்த்தது. பார்த்துக்கொண்டே உதட்டில் விரலை வைத்தது.

கத்தத்தான் சஜீதா வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. கையைக் கொண்டுபோய்த் தடவினாள். மூக்குக்குக் கீழே, நாடி வரைக்கும், வெறும் தோல்.